தண்ணி டொக்டர்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்தான். உரும்பிராயில் எங்கள் குறிச்சியில் அரைவாசிப் பேருக்குப் பட்டம் வைத்தவன் நான். சாதாரண தரச் சோதனையில் இரண்டு முறை குண்டடித்தவனுக்கு வேறு என்ன உத்தியோகம் கிடைக்கும்? அவருடைய சொந்தப் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அக்கா வெளிநாட்டில் இருபது வருடம் தண்ணீரைப் படித்தவர். தண்ணீரில் வாழும் மீனையோ பாசியையோ அல்ல, வெறும் தண்ணீரை. அதற்குக் கலாநிதிப் பட்டமும் கொடுத்திருந்தார்கள். தகப்பனைப் பார்க்க வந்தவர், தகப்பன் போன பிறகும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று கண்டதும் சனம் காய்ச்சல், நாரிப்பிடிப்பு என்று படலையில் வந்து நின்றது. ஒவ்வொருவரிடமும் அவர் பொறுமையாகச் சொன்னார், தான் அந்த டொக்டர் இல்லை, தண்ணீரைப் படித்த டொக்டர் என்று. அப்படியென்றால் தண்ணி டொக்டர் என்றேன் நான். ஒரு கிழமைக்குள் பெயர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

கோபிப்பாரா என்று பார்க்க ஒருநாள் நேரிலேயே கூப்பிட்டேன். அவர் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பிழையில்லை. சரியான பேர்தான்," என்றார்.

பகிடிக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கும் அவர் வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அதனால் அவரை நான் நாள்தோறும் கண்டேன். அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். கேட்டால் சொல்லுவார். உள்ளதை உள்ளபடி சொல்லுவார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவே மாட்டார். கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். கேட்டதற்குப் பதில் வர நேரமெடுக்கும். மழை வருமா என்று கேட்டால்கூட அண்ணாந்து பார்த்து, காற்றைப் பார்த்து, "தெரியாது" என்பார். என் மீசை எப்படி என்று ஒருநாள் கேட்டேன். கிட்ட வந்து பார்த்துவிட்டு, இடது பக்கம் கொஞ்சம் கூடவாக இருக்கிறது என்றார். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலாக வந்தபோது அம்மா பேணியில் தண்ணீர் கொடுத்தார். அக்கா பேணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். சுற்றிப் பார்த்தார். மணந்தார். பிறகுதான் குடித்தார். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க யோசிப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மறப்பதும் இல்லை. அவர் படலையைத் தாண்டியதும் அம்மா கொதித்தார்.

"எங்கடை பேணியிலை என்னத்தை மணந்தவ? நாங்கள் ஆரெண்டு நினைச்சுக்கொண்டு வந்தவ?"

நான் ஒரு கிழமை அவர் பின்னால் உளவு பார்த்தேன். ஓய்வு பெற்ற அதிபர் வீட்டுக் கண்ணாடிக் குவளையையும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தார். தேத்தண்ணிக்கடையிலும் அப்படித்தான். கோயிலில் ஐயர் ஊற்றிய தீர்த்தத்தைக்கூட உள்ளங்கையில் வைத்து ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். வந்து அம்மாவிடம் அறிக்கை கொடுத்தேன்: "எணை, அவ சாமியையே நம்பேல்லை. உன்ரை பேணி எம்மாத்திரம்?"

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்படியென்றால் இது வேறு வருத்தம், விசர்ப் பைத்தியம்தான் என்று ஆறிப்போனார்.

அந்த விசருக்குக் காரணம் என்ன என்று நானே ஒருநாள் கேட்டேன். நான் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். ஆய்வுகூடத்தில் அவர் பாவித்த தண்ணீர் மூன்று முறை காய்ச்சி வடித்தது என்றார். போத்தலின் உள்பக்கம் ஒரு விரலடையாளம் பட்டால் போதும், அன்றைய வேலை முழுக்க நாசம் என்றார். நான் விடவில்லை. இருபது வருடமும் போத்தல் கழுவத்தான் சம்பளம் தந்தார்களா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த சட்டையைத் திரும்பவும் வாளிக்குள் போட்டார். தன் வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவருக்குப் பதில் உடனே வரும்.

"ஒரு பெரிய மெசின். அது இலத்திரன் எண்ட மின்துகளைக் கூட்டமாய் ஒரே அடியாய் தண்ணிக்குள்ளை அடிக்கும். ஒரு துடிப்பு, அவ்வளவுதான். தண்ணி உடையும். உடைஞ்ச துண்டுகளுக்குச் சுயாதீன மூலிகம் எண்டு பேர். அதுகள் தனிய இருக்கேலாததுகள். பக்கத்திலை என்ன கிடக்கோ அதைப் பிடிச்சு இழுக்கும். நீ கண்ணைச் சிமிட்ட முதல் எல்லாம் முடிஞ்சிடும்."

"தனிய இருக்கேலாததுகளோ? அப்ப என்னை மாதிரிக் கலியாணம் கட்டாததுகள்."

அவர் யோசித்தார். "இல்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு ஆறு வருசமாய்ச் சும்மா இருக்கிறாய். அதுகள் அப்பிடி இராது."

கண் சிமிட்ட முதல் முடிகிறதை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். வெளிச்சத்தால் என்றார். தண்ணீருக்குக் குறுக்காக விளக்கு வெளிச்சத்தை விடுவார்களாம். தண்ணீருக்குள் அகப்பட்ட இலத்திரன் நீல நிறமாம். எந்த மனிதக் கண்ணுக்கும் அந்த நீலம் தெரியாது, அவ்வளவு கெதியாகப் போய்விடும். ஆனால் வெளிச்சம் எவ்வளவு மங்கியது என்பதை மெசின் கோடாகக் கீறும். அந்தக் கோடு விழுகிற வேகத்தை அளப்பதுதான் அவருடைய தொழில். அப்படிப்பட்ட கோடு ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மற்ற வீடுகளில் கலியாணப் படம் தொங்குகிற இடத்தில் கொழுவி வைத்திருந்தார். செங்குத்தாக ஏறி, பிறகு சரிந்து சரிந்து தரையோடு படுத்துவிடுகிற கோடு.

"ஆரின்ரை இதயம் அக்கா இது? நிண்டுபோச்சுப் போல," என்றேன்.

அதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் துடைக்கும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். எங்களுக்குள் இருந்த நட்பு அவ்வளவுதான் என்று சொல்லலாம். நான் குத்துவேன். அவர் குத்தின இடத்தை ஆராய்ச்சி செய்வார்.

ஊருக்கு அவர்மேல் பயம் வந்தது ஒரு கிணற்றால். எங்கள் ஒழுங்கையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த சோடி ஒன்று, கைக்குழந்தையோடு. கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு மாதிரி என்று ஊரே சொல்லியிருந்தது. பெருமைக்காக அக்காவிடம் ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பத்து நாள் அவர் பதில் சொல்லவில்லை. பதினோராம் நாள் போய், தோட்டங்களுக்குப் போடுகிற பசளையின் நைத்திரேற்று இதில் இருக்க வேண்டியதைவிடக் கூட, இதில் பிள்ளைக்குப் பால்மா கரைக்கக்கூடாது, காய்ச்சினாலும் போகாது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிசன் ஒழுங்கையில் நின்று ஏசினான். புதுவீட்டுக்குள் வந்து வாயால் நஞ்சு வைத்துவிட்டுப் போகிறாளாம். அடுத்த நாள் காலையிலிருந்து அக்கா சைக்கிள் கரியரில் ஒரு பிளாஸ்ரிக் கானைக் கட்டிக்கொண்டு, சந்தியில் பிரதேச சபைக் குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்து, அவர்கள் மதிலடியில் வைத்துவிட்டுப் போனார். ஏச்சு நிற்கவில்லை. கானும் நிற்கவில்லை. பிள்ளை சோறு தின்னத் தொடங்கும்வரை போனது. அந்தப் பெட்டை, பிள்ளையின் தாய், ஒருநாளும் கானைத் திருப்பி அனுப்பவில்லை. ஒருநாளும் நன்றி சொல்லவும் இல்லை.

நான் கேட்டேன், கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று.

"பதமாய்ச் சொன்னால் அளவு குறையுமோ?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். பகிடியாக இல்லை. உண்மையில் அறிய விரும்பித்தான் கேட்டார்.

இனி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போன பிறகு தோட்டத்தையும் என்னையும் சேர்த்து இழுத்தவர். நான் செய்யிற வேலையைவிட நான் விடுகிற பகிடிதான் தனக்கு உதவி என்பார். முந்தின ஆவணியில் கலியாணம் கட்டியிருந்தார். அண்ணிக்கு அப்போது நாலாம் மாதம்.

வரம்புப் புல்லுக்கு அடிக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. விற்கத் தடை. ஆனால் கடலால் வரும். மூன்று தோட்டக்காரர் சேர்ந்து ஒரு கான் எடுத்துப் பங்கு போடுவது வழமை. எங்கள் பங்கை எடுக்கப் போனவன் நான். கையில் இருந்தது நான் குடித்து முடித்த கறுப்புச் சோடாப் போத்தல். அதற்குள் விட்டு, மூடியை இறுக்கி, தண்ணீர் இறைக்கிற மெசின் கொட்டிலில் தட்டில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் எந்த மெசின் கொட்டிலைத் திறந்தாலும் இப்படி இரண்டு போத்தல் நிற்கும். பெயர் எழுதி ஒட்டுவதில்லை. தடை செய்த சாமானுக்கு ஆர் பெயர் ஒட்டுவான்?

மாசி மாத மதியம். அண்ணை பாத்தி கொத்திவிட்டுத் தாகத்தோடு கொட்டிலுக்குள் போனார். நான் வெளியில் வெங்காயம் பரப்பிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து காறித் துப்புகிற சத்தம் கேட்டது.

"டேய், உன்ரை சோடா பழுதாப்போச்சடா," என்றபடி போத்தலோடு வெளியில் வந்தார். ஒரு மிடறு இறங்கிவிட்டது. மிச்சத்தைத் துப்பிவிட்டார். நான் கத்தின சத்தத்துக்கு அக்கா வந்தார். நெஞ்சுயரத் தகர வேலியை எப்படித் தாண்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முழங்கையால் இரத்தம் வடிந்தது.

போத்தலை வாங்கி மணந்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஆர் ஊத்தினது? எதிலையிருந்து ஊத்தினது? கெதியாய்ச் சொல்லு."

அண்ணைக்குக் கேட்காமல் அவர் காதுக்குள் சொன்னேன். நான்தான். புல்லு மருந்து.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பாத்தியில் முழங்காலில் நின்று இரண்டு கையாலும் செம்மண்ணை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தார். கோயில் தீர்த்தத்தையே உற்றுப் பார்த்துக் குடிக்கிற மனிசி, அந்தச் சேற்றை வாளியோடு தூக்கி அண்ணையின் வாயில் சாய்த்தார். மண் அந்த மருந்தைப் பிடிக்கும், குடியுங்கோ, குடியுங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணை ஓங்காளித்து ஓங்காளித்துக் குடித்தார். இடையில் வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ வைச்ச பட்டத்துக்கு என்னிலை பழிவாங்கிறாடா," என்றார்.

ஓட்டோவில் அண்ணை நடுவில், நாங்கள் இருவரும் இரண்டு பக்கம். சோடாப் போத்தலைப் பையில் சுற்றி அக்கா மடியில் வைத்திருந்தார். கோண்டாவில் தாண்டும்போது அண்ணை கேட்டார்:

"ஆரடா உதை உந்தப் போத்தலுக்கை விட்டது?"

"தெரியாது அண்ணை. பக்கத்துத் தோட்டத்தார் ஆரும் வைச்சிருப்பினம்."

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அண்ணை அவரிடம் கேட்கவில்லை. அதனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். செய்யவேண்டிய எல்லாம் செய்தார்கள். மண் குடிக்க வைத்தது நல்ல வேலை என்று அங்கே இருந்த டொக்டர் அக்காவிடம் சொன்னார். அண்ணையின் சிறுநீரை எடுத்து ஒரு குழாயில் விட்டு, ஏதோ தூள் போட்டுப் பார்த்தார்கள். அக்காவும் கூட நின்று பார்த்தார். வெளியில் வந்தபோது அவர் முகம் சாம்பலாக இருந்தது.

"நீலம். மருந்து உடம்புக்கை ஏறியிட்டுது. அதை ஆய்வுகூடத்திலை நாங்களும் பாவிச்சனாங்கள். தண்ணிக்குள்ளை ஓடுற இலத்திரனைப் பிடிக்கிறதுக்கு. பிடிச்ச உடனை நீலமாகும். எத்தினையோ ஆயிரம் தரம் அந்த நீலத்தைப் பாத்தனான்." முழங்கை இரத்தத்தைத் துடைத்தார். "மிச்சம் கேக்கிறியோ?"

"இல்லை," என்றேன்.

வேறொன்றைத்தான் கேட்டேன். போத்தலில் ஊற்றியது நான் என்று அண்ணைக்கோ அம்மாவுக்கோ சொல்லவேண்டாம் என்று கேட்டேன். காலில் விழாத குறை.

"நானாய்ப் போய்ச் சொல்லமாட்டன். ஆரும் கேட்டால் சொல்லுவன். அதுக்கு முதல் நீ சொல்லிப்போடு."

அந்த மருந்தின் கொடுமை என்னவென்றால் அது உடனே ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் அண்ணை கட்டிலில் எழும்பி இருந்தார். வாய் மட்டும் வெந்து போயிருந்தது. ஐஸ்கிறீம் சாப்பிட்டார். ஊர் வந்து பார்த்துச் சந்தோசப்பட்டது. அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். அண்ணி மூன்று நாளில் முதன்முறையாகச் சோறு சாப்பிட்டார். நான் வார்ட் முழுக்கப் பகிடி விட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் தையல் பிரியப்போகிறது, போ அங்கால் என்று என்னைக் கலைத்தார். அக்கா மட்டும் நாள்தோறும் பார்வையாளர் நேரத்துக்கு வந்து, கால்மாட்டில் நின்று, அண்ணையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வரும் நேரமெல்லாம் நான் கட்டிலை விட்டு நகரவில்லை. அண்ணை அவரிடம் எதையும் கேட்கக்கூடாது. கேட்க வாயெடுத்தால் நான் ஒரு பகிடி விடுவேன். அண்ணை சிரிப்பார். கேள்வி போய்விடும். இப்படி இரண்டு நாள் ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் அண்ணைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூக்கில் ஒட்சிசன் குழாய் இருந்தது. அம்மா அதைக் காட்டி, தன் பிள்ளைக்கும் அதைப் போடச் சொல்லி அழுதார். இப்போது கூடாது என்று டொக்டர் சொன்னார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. அக்காவைப் பிடித்துக் கேட்டார், ஏன் பிள்ளை, அதைக் குடுக்கினமில்லை என்று.

"குடுக்கக்கூடாது அம்மா. அந்தப் புல்லு மருந்துக்கு ஒட்சிசன்தான் சாப்பாடு. ஒட்சிசனை எடுத்து நஞ்சாக்கிப்போட்டுத் திரும்பப் பழையபடி வரும். வந்து திரும்ப எடுக்கும். அது நடக்கிற வேகத்தை நான் அளந்தனான். குடுத்தால் சுவாசப்பை கெதியாய்ப் போகும். இப்ப குடுக்கச் சொல்லாதையுங்கோ."

டொக்டர் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் டொக்டர் பாதி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மாவின் காதில் விழுந்தது அக்காவின் குரல்தான்.

அன்று பின்னேரம் அண்ணை என்னைக் கூப்பிட்டு ஐஸ்கிறீம் வாங்கி வரச் சொன்னார். அக்கா கால்மாட்டில் நின்றார். அனுப்புகிறார் என்று எனக்கு விளங்கியது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஓடிப்போய் ஓடி வந்தேன். வார்ட் வாசலில் அக்கா நின்றார்.

"கேட்டவர். தனக்கு இன்னும் எத்தினை நாள் எண்டு கேட்டவர். ஆர் ஊத்தினது எண்டும் கேட்டவர். ரண்டுக்கும் சொன்னனான்."

என் கையில் ஐஸ்கிறீம் உருகி வடிந்தது. ஏதோ தூசணம் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டவில்லை.

"தம்பி, உள்ளை போ. நாளைக்கு அவராலை கதைக்கேலாமல் போகலாம். இண்டைக்குப் பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. அது பெரிய நேரம். உனக்குத் தெரியாது, அது எவ்வளவு பெரிய நேரமெண்டு."

உள்ளே போனேன். அண்ணை தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கட்டில் ஓரத்தைத் தட்டி என்னை இருக்கச் சொன்னார். இருந்தேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தேன். வந்தது, தாதிக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் நான் கட்டிவிட்ட ஒரு காதல் கதை.

அண்ணை கேட்டு முடித்தார். கொஞ்சம் சிரித்தார். இருமினார்.

"வேறை?" என்றார்.

ஐஸ்கிறீம்காரனோடு நான் சண்டை பிடித்த கதையை எடுத்துவிட்டேன். சண்டை நடக்கவேயில்லை.

"வேறை?"

அண்ணை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெங்காயத்தைப் பற்றிச் சொன்னேன். சுன்னாகம் சந்தைக்கு எப்போது ஏற்றுவது என்று கேட்டேன். மணி அடித்தது. பார்வையாளர்களைப் போகச் சொன்னார்கள்.

"வேறை ஒண்டும் இல்லையோடா?"

"இல்லை அண்ணை."

"சரி. போயிட்டு வா," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் இனி ஒட்சிசன் கொடுத்தாலும் ஒன்றுதான், கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்ற நிலைமை வந்துவிட்டது. முகமூடியைப் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. எட்டாம் நாள் மூச்சு நின்றது.

செத்தவீட்டுக்கு அக்கா வந்தார். வெள்ளைச் சேலையில், முழங்கைக் காயத்தில் பிளாஸ்ரரோடு. அவரைக் கண்டதும் அம்மா பிரேதப் பெட்டியடியிலிருந்து எழும்பினார். பறைச் சத்தத்தை நிற்பாட்டச் சொன்னார்கள். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"என்ரை பிள்ளைக்கு ஒட்சிசன் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னது நீரோ?"

"ஓம்," என்றார் அக்கா.

ஏன் என்று சொல்ல அவர் வாயெடுத்ததை நான் கண்டேன். அதற்கிடையில் அண்ணியின் ஓலம் எழும்பிவிட்டது. பெண்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கிணற்றுக்காரன் பின்னால் நின்று, இவள் ஊருக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றான். மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். கொள்ளிக்குடம் தூக்க நான் குளித்து ஈரத்தோடு நின்றேன். அண்ணைக்குப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. தம்பிதான் தூக்கவேண்டும்.

"நீ பக்கத்திலை நிண்டனி. உண்மையோ? உவதானோ மறிச்சது?"

"ஓம் மாமா. உவதான்," என்றேன்.

அக்கா பந்தல்காலடியில் நின்றார். ஒருவன் அவர் காலடியில் துப்பினான். அவர் போகவில்லை. கிரியை முடியும்வரை நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், கேட்கிறதற்கு இன்னும் யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்பதுபோல. அந்தப் போத்தலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தார் வைத்தது என்று ஊர் முடிவெடுத்து எட்டு நாளாகிவிட்டது. கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தோளில் குடத்தை வைத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன்.

அதற்குப் பிறகு ஊரில் அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. சித்திரைக்கு முன்னம் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த நாடு என்று தெரியாது.

அண்ணையின் மகளுக்கு இப்போது நாலு வயது. வாய் என்னுடையது. கேள்வி கேட்டுக் கேட்டு ஆளைக் கொல்லுவாள். போன கிழமை தோட்டத்தில் என் தோளில் இருந்தபடி, தகர வேலிக்கு அங்கால் பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கையால் காட்டினாள்.

"சித்தப்பா, அந்த வீட்டு அன்ரியோ அப்பாவுக்குக் காத்துக் குடுக்காமல் விட்டவ?"

அவள் என் இரண்டு காதையும் பிடித்து இழுத்தாள்.

"சொல்லுங்கோ சித்தப்பா."

நான் கழுதை மாதிரிக் கத்திக்கொண்டு வரம்பு நீளத்துக்கு ஓடினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கேட்டதை மறந்துபோனாள்.